அபராதம் கட்டினால் வழக்கு முடிந்துவிடுமா?

மண்டபத்தை அடுத்த மீனவ கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கும் கடிதத்தின் சுருக்கம்:

"என் தம்பிக்கு 21 வயது. அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு மாலை, தம்பியும் அவனுடைய நண்பர்கள் இருவரும் பாம்பன் சாலைப் பாலத்தில் பைக்கை ஓரங்கட்டிவிட்டு, புதிய தூக்குப் பாலத்தில் ரயில் வருவதைச் செல்போனில் படம் எடுத்திருக்கிறார்கள். அங்கே வந்த காவலர் வண்டியை எடுக்கச் சொல்லிச் சத்தம் போட்டு, சாவியை உருவிக்கொண்டார். தம்பி, 'இது என்ன உங்கப்பன் வீட்டுப் பாலமா?' என்று கேட்டுவிட்டு, அவர் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிவிட்டான். கூட்டம் கூடிவிட்டது. நிலையத்துக்குக் கொண்டுபோய் இரண்டு அறை விட்டு, மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கி, வெள்ளைத் தாள் ஒன்றிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இரவு பத்து மணிக்கு அனுப்பினார்கள். பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 296(ஆ), 132 ஆகிய பிரிவுகளில் வழக்குப் பதிவாகி, இப்போது விசாரணைக்கு வரச் சொல்லி அறிவிப்பு வந்திருக்கிறது. 'பெரிய செக்‌ஷனை எடுத்துவிடுகிறோம், கோர்ட்டில் ஒத்துக்கொண்டு ஆயிரம் ரூபாய் கட்டினால் அன்றைக்கே முடிந்துவிடும்' என்கிறார் நிலைய ரைட்டர். அப்பாவும் அதுவே நல்லது என்கிறார். தம்பி காவலர் தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறான். அது கிடைக்காவிட்டால் கத்தாருக்குப் படகு வேலைக்கு அனுப்புவதாகத் திட்டம். ஒத்துக்கொள்ளச் சொல்லலாமா?"

சகோதரிக்கு வணக்கம்.

தங்கள் கடிதத்தின் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். வழக்கறிஞர் ஒருவர் முதல் தகவல் அறிக்கையையும், அந்தத் தகராறைத் தம்பியின் நண்பர் எடுத்த காணொளியையும் பார்க்கும்வரை, தம்பி எந்த நீதிமன்றத்திலும் "ஒத்துக்கொள்கிறேன்" என்ற ஒரு சொல்லைச் சொல்லக் கூடாது. தங்கள் தந்தையார் மகன் கோர்ட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் அலையக் கூடாதே என்ற தவிப்பில்தான் அப்படிச் சொல்கிறார் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அன்றைக்கே முடிந்துவிடுவது நீதிமன்றத்தின் வேலை மட்டும்தான். தம்பிக்கு அன்றைக்குத்தான் ஒரு தண்டனைப் பதிவு தொடங்கும்.

நம் பகுதியில் பலரும் குழப்பிக்கொள்ளும் ஓர் இடம் இது. தலைக்கவசம் போடாததற்கும், பாலத்தில் வண்டியை நிறுத்தியதற்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் சலான் போட்டு வாங்கும் தொகை, அந்தச் சட்டத்தின் 200-ஆம் பிரிவின்படி இணக்கத் தொகை. அதைக் கட்டியதும் அந்தக் குற்றத்துக்காக மேற்கொண்டு நடவடிக்கை கிடையாது, குற்றவாளி என்ற தீர்ப்பும் கிடையாது. நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் குற்றச்சாட்டைப் படித்துக் காட்டிய பிறகு, "ஆம், செய்தேன்" என்று சொல்லிக் கட்டும் அபராதம் அப்படிப்பட்டதன்று. அங்கே நடுவர் முதலில் குற்றவாளி என்று தீர்மானிக்கிறார், அதன் பிறகே அபராதம் விதிக்கிறார். இரண்டுக்கும் கையில் கிடைப்பது ஒரு துண்டு ரசீதுதான் என்பதால், இரண்டும் ஒன்றென்று மக்கள் நினைத்துவிடுகிறார்கள்.

தொண்டிப் பக்கத்திலிருந்து சில ஆண்டுகளுக்கு முன் வழக்கறிஞரான என்னிடம் வழக்கோடு வந்த கட்சிக்காரர் ஒருவரை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். பத்தொன்பது வயதில் படகுத்துறையில் நடந்த ஒரு தள்ளுமுள்ளுக்காக, ஊர்ப் பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு, வழக்கறிஞர் இல்லாமலே நடுவர் முன் தலையாட்டிவிட்டு 500 ரூபாய் கட்டிவிட்டு வந்தவர் அவர். அதை அவர் மறந்தே போய்விட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து அரசு வேலைக்குத் தேர்வாகி, விண்ணப்பத்தில் "குற்ற வழக்கு எதிலாவது தண்டிக்கப்பட்டதுண்டா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதினார், பொய் சொல்லும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. முன்னடத்தைச் சரிபார்ப்பில் வழக்கு எண் வெளியே வந்தது. ரேஷன் அட்டை உறைக்குள் நான்காக மடித்து வைத்திருந்த அந்த ரசீதை என் மேசையில் விரித்து வைத்தபோது அதன் மை பாதி மங்கியிருந்தது. "ஃபைன் கட்டிட்டேனே சார், அப்புறம் எப்படி கேஸ் இருக்கும்?" என்று அவர் கேட்ட கேள்வியைத்தான் தங்கள் கடிதத்தில் வேறு சொற்களில் மறுபடியும் படித்தேன்.

இனி வழக்குக்கு வருகிறேன். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், 296-ஆம் பிரிவு பழைய 294. பொது இடத்தில் பிறருக்கு எரிச்சல் உண்டாகும்படி ஆபாசச் சொற்களைப் பேசுவதற்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தெருச்சண்டை, வரப்புத் தகராறு, வலைத் தகராறு என்று எந்தச் சச்சரவானாலும் முதல் தகவல் அறிக்கையில் "அசிங்கமான வார்த்தைகளால் திட்டி" என்ற வரி பழக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும், அதனோடு இந்தப் பிரிவும் வந்துவிடும். ஆனால் வெறும் வசவும் அவமதிப்பான பேச்சும் ஆபாசம் ஆகிவிடாது, பாலுணர்வைத் தூண்டும் தன்மை அந்தச் சொற்களில் இருக்க வேண்டும் என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கிலேயே 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. "உங்கப்பன் வீட்டுப் பாலமா" என்று கேட்டது மரியாதைக் குறைவு; சீருடையில் இருப்பவரிடம் மட்டுமன்று, வயதில் மூத்த எவரிடமும் கேட்கக் கூடாத கேள்வி. ஆனாலும் அது ஆபாசம் இல்லை. தம்பி உண்மையில் பேசியது இவ்வளவுதான் என்றால், எளிதில் எதிர்த்து நிற்கக்கூடிய இந்தப் பிரிவைத்தான் "ஒத்துக்கொள்" என்று அவரிடம் நீட்டுகிறார்கள் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

132-ஆம் பிரிவு அப்படி இலேசானதன்று. பழைய 353 இது. அரசு ஊழியரை அவருடைய கடமையைச் செய்யவிடாமல் தடுக்கும் நோக்கத்தோடு தாக்குவதற்கோ, குற்றமுறு வன்முறையைப் பயன்படுத்துவதற்கோ இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பிணையில் விட முடியாத வகை என்று சட்டம் இதை வைத்திருக்கிறது. வாய்ப் பேச்சு மட்டும் இந்தப் பிரிவுக்குள் வராது; பெங்களூரு போக்குவரத்துக் காவல்துறையின் முகநூல் பக்கத்தில் குறை எழுதியவர் மீது போட்ட வழக்கை 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது இதைத்தான் சொன்னது. தம்பியின் சிக்கல் பேச்சில் இல்லை, சாவியில் இருக்கிறது. ஓடாமல் நிற்கும் வண்டியிலிருந்து சாவியை உருவுவதற்கென்று மோட்டார் வாகனச் சட்டம் காவலருக்குத் தனி அதிகாரம் எதையும் எழுதி வைக்கவில்லை என்பது உண்மை. அதற்காக, அவர் கையிலிருந்து அதைப் பிடுங்குவதற்குத் தம்பிக்கு உரிமை வந்துவிடாது. தற்காப்பு உரிமையைப் பற்றிப் பேசும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 37-ஆம் பிரிவு, அரசு ஊழியர் நல்லெண்ணத்தோடு தம் பதவியின் பெயரால் செய்யும் செயல், சட்டப்படி முற்றிலும் சரியானதாக இல்லாவிட்டாலும், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச வேண்டிய நிலை இல்லாதபோது, அதை எதிர்த்துத் தற்காப்பு உரிமை இல்லை என்கிறது. சாவியைக் கொடுத்துவிட்டு, மறுநாள் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதியிருக்க வேண்டும். பாலத்தில் வண்டியை நிறுத்தியதும் தவறுதான்; 1988-இல் திறந்த அந்த இருவழிப் பாலத்தில், 2025-இல் புதிய ரயில் பாலம் வந்த பிறகு நின்று படம் எடுக்கும் கூட்டத்தால், ஆம்புலன்ஸ்கூட நகர முடியாமல் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

எனவே எல்லாம் அந்தச் சில நொடிகளில் கைகள் எப்படி இருந்தன என்பதைப் பொறுத்தது. சாவியை மட்டும் பற்றி இழுத்தாரா, காவலரின் கையைத் தள்ளினாரா, அவர் நிலைதடுமாறினாரா என்பதைத் தம்பியின் நண்பர் எடுத்த காணொளி சொல்லும். அந்தச் செல்போனை யாரும் மாற்றவோ, விற்கவோ, ரீசெட் செய்யவோ கூடாது. வாட்ஸ்அப்பில் சுற்றிய பிரதி நீதிமன்றத்தில் பெரிதாக உதவாது. புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும், அதற்கு மூலப் பதிவு இருக்கும் கருவி கையில் இருக்க வேண்டும். முகநூலிலோ இன்ஸ்டாவிலோ போட்டு ஊர் நியாயம் கேட்கும் ஆசை நண்பர்களுக்கு இருந்தால், அன்புகூர்ந்து தடுத்து விடுங்கள். அதற்கு வரும் பின்னூட்டங்கள் இன்னொரு வழக்குக்கு வழி திறக்கும்.

அறிவிப்பு வந்ததைக் கண்டு அஞ்ச வேண்டாம். அது தம்பிக்கு ஒரு பாதுகாப்பு. ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், தேவையில்லாமல் கைது செய்யாமல் முதலில் இப்படி அழைக்க வேண்டும் என்பது பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35(3)-ஆம் பிரிவு, 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியதும் அதையே. அழைத்த நாளில் ஆஜராகி, விசாரணைக்கு ஒத்துழைக்கும்வரை, எழுத்தில் காரணம் காட்டாமல் கைது செய்ய முடியாது. போகாமல் இருந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அடுத்த நாள் கடலுக்குப் போக வேண்டியிருந்தாலும், அறிவிப்பில் குறிப்பிட்ட நாளில் கரையில் இருக்கச் சொல்லுங்கள். ஆஜரானதற்கு அத்தாட்சியாக அறிவிப்பின் நகலில் தேதியோடு ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவேளை, கைது செய்யப் போவதாகத் தெரிந்தால், முன்பிணை (முன்ஜாமீன்) கேட்டு ராமநாதபுரம் மாவட்ட முதன்மை அமர்வு நீதிமன்றத்தையோ, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையையோ அணுகலாம்.

அன்றிரவு வாங்கிய மன்னிப்புக் கடிதத்தைப் பற்றி மிகவும் கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைத் தம்பிக்கு எதிராகச் சாட்சியமாக நிரூபிக்க முடியாது. சாட்சியச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. விசாரணையில் பதிவாகும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே கூடாது என்பது பி.என்.எஸ்.எஸ். 181. வெள்ளைத் தாள் விஷயம் வேறு. அதில் பின்னர் என்ன எழுதப்படும் என்று யாருக்கும் தெரியாது. எந்த நாளில், எத்தனை மணிக்கு, யார் முன்னிலையில் எழுதப்படாத தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்பதைக் குறிப்பிட்டு, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் இந்த வாரமே போக வேண்டும். பின்னாளில் வாதிடும்போது, அன்றே சொன்னோம் என்பதற்கு அந்தத் தபால் ரசீதுதான் சாட்சி.

அறைந்ததைப் பற்றி என்ன செய்வது என்பதைக் குடும்பமாக அமர்ந்து முடிவு செய்யுங்கள். அது குற்றம்தான், அதில் எனக்கு ஐயமே இல்லை. காயம் இருந்திருந்தால் மறுநாள் காலையிலேயே அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிந்திருக்க வேண்டும். நிலையங்களில் கண்காணிப்புக் கேமரா கட்டாயம் என்றும், பதிவுகளைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்றும் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருக்கிறது. அந்த இரவின் பதிவைப் பாதுகாத்து வைக்கக் கோரி மேற்சொன்ன கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடலாம். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போக நினைத்தால், சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். வழக்கில் பேரம் பேசுவதற்காக மட்டும் இந்தப் புகாரைக் கொடுக்காதீர்கள். கொடுப்பதென்றால் கடைசிவரை நிற்கும் மனத்தோடு கொடுங்கள்.

இப்போது ரைட்டர் சொன்ன வாக்குறுதி. எந்தப் பிரிவில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது என்பது விசாரணை அதிகாரியின் பொறுப்பு. தம்பி ஒத்துக்கொள்வதற்கு விலையாக அதை வைக்க முடியாது. உண்மையிலேயே 132-க்கு ஆதாரம் இல்லையென்றால், அவர் ஒத்துக்கொண்டாலும் இல்லாவிட்டாலும் அதை நீக்கத்தான் வேண்டும். ஊரில் சொல்வதுபோல், காவலரும் தம்பியும் சமாதானமாகப் போய்விட்டோம் என்று எழுதிக் கொடுத்தாலும் வழக்கு தானாக முடியாது. இந்த இரண்டு பிரிவுகளும் சமரசம் செய்துகொள்ளும் பட்டியலில் இல்லை. வழக்கை ரத்து செய்யும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்குத்தான் உண்டு, பி.என்.எஸ்.எஸ். 528-இன் கீழ் மதுரைக் கிளையில் மனு போட வேண்டும். காணொளி தம்பிக்கு ஆதரவாக இருந்தால் நான் முதலில் யோசிக்கும் வழி அதுதான்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், தம்பி விண்ணப்பித்திருப்பது காவலர் பணிக்கு. மற்ற வேலைகளைவிட அங்கே அளவுகோல் கடுமையானது. காவல் சரிபார்ப்புக்கு முன் எந்தக் குற்ற வழக்கிலும் தொடர்பு இருக்கக் கூடாது என்பது தமிழ்நாடு காவலர் பணி விதிகளில் உள்ள நிபந்தனை. சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும், புகார்தாரர் பிறழ்சாட்சியானதால் விடுதலையானவரையும்கூட வழக்கில் தொடர்புடையவராகவே கருத வேண்டும் என்று அதன் விளக்கம் சொல்கிறது. விடுதலையானவருக்கே இந்த நிலை என்றால், தாமாகக் குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டியவரின் நிலையைத் தாங்களே எண்ணிப் பாருங்கள். வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தாலோ, குற்றமே நடக்கவில்லை என்று விசாரணை நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தாலோ, வாதிடுவதற்கு உறுதியான இடம் கிடைக்கும். இந்த ஆண்டுத் தேர்வு கைநழுவிப் போகலாம் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அடுத்த தேர்வுக்கான கதவை நாமே சாத்திவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

வழக்கு இருப்பதைச் சரிபார்ப்புப் படிவத்தில் மறைக்கவே கூடாது. 2016-இல் அவ்தார் சிங் வழக்கில், மறைத்ததைத் தனிக் குற்றமாகவே வேலை கொடுப்பவர் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதே தீர்ப்பில், இளம் வயதில் முழக்கமிட்டது போன்ற மிகச் சிறிய குற்றங்களை மறைத்ததை மன்னித்து விடவும் வேலை கொடுப்பவருக்கு உரிமை உண்டு என்றது. உண்மையைச் சொன்னவருக்கு அந்தக் கருணையைக் கேட்கும் வாய்ப்பு அதிகம். தொண்டிக் கட்சிக்காரருக்காக நான் பிறகு எவ்வளவோ எழுதியும், முதல் படிவத்தில் இருந்த "இல்லை" என்ற ஒரு சொல்லைத் தாண்ட முடியவில்லை.

கத்தார் பயணத்துக்கு வருவோம். முதல் தகவல் அறிக்கை மட்டும் இருக்கும் நிலையில், நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருப்பதாகச் சட்டப்படி சொல்ல முடியாது. குற்றப்பத்திரிகையை நடுவர் கோப்பில் எடுத்த பிறகுதான் கடவுச்சீட்டுச் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவு குறுக்கே வரும். அப்போதும் வழி அடைபடாது. அந்த நீதிமன்றத்திலேயே வெளிநாடு செல்ல அனுமதி பெற்றால், 1993-ஆம் ஆண்டு மத்திய அரசின் அறிவிக்கையின்படி கடவுச்சீட்டு தருவார்கள். காலம் எதையும் நீதிமன்றம் குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்குத்தான் தருவார்கள் என்பதால், மனுவிலேயே காலத்தைக் கேட்டு வாங்க வேண்டும். வளைகுடா வேலைக்குக் காவல்துறை நற்சான்று கேட்டாலும் இந்த வழக்கு அதில் தெரியவரும். ஆகவே "வழக்கை எப்படியாவது முடித்துவிட்டு அனுப்பிவிடுவோம்" என்று தந்தையார் அவசரப்பட வேண்டியதில்லை.

கூட இருந்த நண்பர்களில் ஒருவன் பிளஸ் டூ படிக்கிறான் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவனுக்குப் பதினெட்டு நிரம்பவில்லை என்றால், அவன் விஷயம் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போக வேண்டும். தம்பியோடு சேர்த்து நடுவர் முன் நிறுத்த முடியாது. அவன் பெற்றோரிடம் பிறப்புச் சான்றிதழை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றில் தாங்கள் சற்று ஆறுதல் கொள்ளலாம். நம் மாவட்டத்தில் செப்டம்பரிலும் அக்டோபரிலும் தலைவர்களின் நினைவு நாட்களையொட்டித் தடை உத்தரவு இருப்பது வழக்கம்; அந்த நாட்களில் இப்படிக் கூட்டம் கூடியிருந்தால், உத்தரவை மீறியதற்கான 223-ஆம் பிரிவும் சேர்ந்து வழக்கு வேறு நிறம் எடுத்திருக்கும்.

எல்லா முயற்சிக்கும் பிறகு, விசாரணையின் முடிவில் தம்பி மீது குற்றம் நிரூபணமாகிவிட்டால், அன்றும் ஒரு வழி மிச்சம் இருக்கிறது. 1958-ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் கீழ், தண்டனை விதிக்காமல் நன்னடத்தைப் பிணையில் விடும்படி நடுவரிடம் கேட்கலாம். அதன் 12-ஆம் பிரிவு, தண்டனையால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது. இந்தக் கோரிக்கையைத் தீர்ப்பு சொல்வதற்கு முன்பே வழக்கறிஞர் எழுத்தில் வைக்க வேண்டும். "நீ ஒத்துக்கொள், அவர்களே விட்டுவிடுவார்கள்" என்று நம்பிப் போகிறவர்களுக்காக இதைக் கேட்க அங்கே யாரும் இருப்பதில்லை.

வழக்கறிஞர் கட்டணம் பற்றித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். தயங்க வேண்டியதே இல்லை. ராமநாதபுரத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்குக் கட்டணமில்லாமல் வழக்கறிஞரை நியமிக்கிறார்கள்; 15100 என்ற இலவசத் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். கூலிக்குப் படகேறும் குடும்பத்துக்காகத்தான் அந்த ஏற்பாடு. போகும்போது முதல் தகவல் அறிக்கையின் நகல், வந்த அறிவிப்பு, தந்தையாரின் வருமானச் சான்று ஆகியவற்றோடு, காணொளி எடுத்த நண்பரையும் அவருடைய செல்போனோடு அழைத்துச் செல்லுங்கள். முதல் தகவல் அறிக்கை தங்களிடம் இல்லையென்றால், தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம். அறிவிப்பில் குறித்த நாளுக்கு முன்பாகவே இதைச் செய்துவிட்டு, அன்று தம்பியைத் தனியே அனுப்பாமல், தாங்களோ வழக்கறிஞரோ உடன் செல்லுங்கள்.